ஸ்டாக்காரரும் ஆல்டர்காரரும்

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்போர் இரண்டு கட்சி. யமஹா தொழில்நுட்பத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985-இல் இறக்கி, 1996-இல் நிறுத்திய 98 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி அது. ஷோரூமில் கிடைத்த காலத்தில் எல்லோரும் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உற்பத்தி நின்று மவுசு ஏறியதும் கட்சி பிரிந்தது.

முதலாமவர் ஸ்டாக்காரர். ஃபாக்டரியை விட்டு வந்த அன்று இருந்தபடியே வண்டி இருக்க வேண்டும் என்பது இவர் கொள்கை. யார் வண்டியைக் கண்டாலும் குனிந்துவிடுவார். முதலில் போல்ட் தலையில் உள்ள எண்ணைப் படிப்பார். பிறகு கார்புரேட்டரில் மிக்குனி முத்திரை தேடுவார். கடைசியாக டேங்கின் அடிப்பக்கத்தைத் தடவி, “ரீபெயிண்ட்” என்று தீர்ப்புச் சொல்வார்; வண்டிக்காரர் முகம் சுண்டிப்போகும். தம் வண்டியை இவர் அதிகம் ஓட்டுவதில்லை. மழை வரலாம், தூசி படலாம், யாராவது பக்கத்தில் சைக்கிளைச் சாய்க்கலாம். ஞாயிறன்று ஸ்டார்ட் செய்து, புகையை மோந்துவிட்டு அணைத்துவிடுவார்.

இரண்டாமவர் ஆல்டர்காரர். இவர் வேலை கழற்றுவதில் தொடங்கும்: மட்கார்டு, செயின் கவர், சாரி கார்டு. பிறகு மாட்டுவார்: தாழ்ந்த ஹேண்டில்பார், முன்பக்கம் டிஸ்க் பிரேக், நான்கு கியர் இருந்த இடத்தில் ஆர்எக்ஸ் 135-இன் ஐந்து கியர். ஆயிலைத் தானாக அளந்து ஊற்றும் பம்ப்பையும் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே கலந்துகொள்வார். அளவு கைக்கணக்கு. கை குறைந்த அன்று நடு ரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மட்கார்டு இல்லாததால் மழைக்காலத்தில் முதுகெல்லாம் சேறு. அதற்கும் ‘லுக்’ என்றே பெயர்.

சட்டத்துக்கு இவரைப் பிடிக்காது. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் இவரும் ஸ்டாக்காரர்.

இருவருக்கும் மெக்கானிக் ஒருவரே. சண்டையில் அவர் எந்தப் பக்கமும் பேசுவதில்லை. “இந்தக் குப்பையெல்லாம் நீங்களே வச்சுக்குங்கண்ணே” என்று ஆல்டர்காரர் விட்டுப்போன சைலன்சரும் சாரி கார்டும் அடுத்த வாரமே ‘ஒரிஜினல்’ என்ற விலையில் ஸ்டாக்காரர் வீட்டுக்குப் போய்விடும். ஆர்.டி.ஓ. தேதி வந்ததும் ஆல்டர்காரர் அதே சைலன்சரை ஒரு நாளைக்குக் கேட்டு ஓடிவருவார். மெக்கானிக் ஸ்டாக்காரரின் நம்பரைக் கொடுத்து அனுப்புவார். அவர் போனை எடுப்பதில்லை.