பயில்வான் மருமவனுக்கு மாமன் சொன்ன புத்தி

வாங்க பயில்வான், வாங்க! மருமவனே, விடியறதுக்கு முந்தியே பூட்சை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டியாம், தெருவே பேசுது. போன மாசந்தான் தைராய்டுக்கு மாத்திரை ஆரம்பிச்ச. அதுக்குள்ள ஜிம்முக்கு வருசச் சந்தா கட்டியாச்சு. கட்டுன காசு வீணாப் போகலாமா? ஒடம்பு போனாப் போகட்டும், அது ஓசில வந்ததுதான!

நீ கில்லாடிதாம்ல, ஒத்துக்கிடுதேன். தைராய்டு கூடிக் கெடந்தப்போ தட்டு தட்டாச் சோறு தின்னும் எளைச்ச. "ஃபிட் ஆயிட்டேன் மாமா"ன்னு வயித்தைத் தட்டிக் காமிச்ச. கொழுப்பு மட்டுமா போச்சு? தொடைச் சதையும் தோள் சதையும் சேந்துல்லா போச்சு. நம்பிக்கை இல்லேன்னா இங்கனயே குத்தவச்சு ஒக்காரு. கையை ஊணாம எந்திரி பாப்போம். ஏம்ல, தூணைத் தேடுத? எந்திரிக்கத் தூணு வேணும், ஆனா அம்பது கிலோ கம்பியைத் தூக்கணும். பேஷ்! இந்தச் சீக்கு எலும்பையும் அரிச்சிருக்கும். நல்லாத் தூக்கு, மாவுக்கட்டு செலவு என்னோடது.

ஒங்க அத்தைக்கு இதே நோவு வந்தப்போ ஆஸ்பத்திரி பெஞ்சைத் தேய்ச்சு நானும் பாதி டாக்டர் ஆயிட்டேன். தைராய்டு கூடுனா சும்மா கெடக்கும்போதே நாடி நூறைத் தாண்டலாம். அதுக்கு மேல நீ ஓடுனா இதயம் தாளம் தப்பலாம். அதுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு பேரு. அதனால மொதல்ல ரத்தத்துல டி3, டி4ங்குற தைராய்டு ஹார்மோன் ரெண்டும் எறங்கணும். டிஎஸ்எச்னு இன்னொரு ஹார்மோன் இருக்கே, அது ஒன்னை விடச் சோம்பேறி. மத்த ரெண்டும் சரியான பொறவும் மாசக்கணக்குல தலை தூக்காது. எப்போ ஓடலாம்னு எல்லாத்தையும் சேத்துப் பாத்து டாக்டர் சொல்லட்டும், ஜிம்முக்காரன் சொல்ல வேண்டாம்.

கைக்கடியாரம் நாடி எழுபதுதான்னு காட்டுதுன்னு குதிக்காத. படபடப்புக்குக் குடுத்த புரோப்ரனலால் நாடியை அமுக்கி வச்சிருக்கு. கடியாரத்தை விடு, நடக்கும்போது என்னைத் திட்டிக்கிட்டே வா. மூச்சு வாங்காம முழுசாத் திட்ட முடிஞ்சா நடை சரி. பாதில முறிஞ்சா வேகத்தைக் கொறை.

காய்ச்சல் கண்டு எந்திரிச்ச காளையை எவனாவது பாரவண்டில பூட்டுவானா? மொதல்ல சும்மா நடத்துவான், பொறவு வெறும் வண்டி, அப்பொறந்தான் பாரம். டாக்டர் சரின்ன பொறவு நீயும் பத்து நிமிசம் நட. மறுநாள் அசதி இல்லேன்னா கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டு. பொறவு நாற்காலில ஒக்காந்து எந்திரி, செவத்துல கை ஊணித் தள்ளு. கம்பி எங்கயும் ஓடிறாது. வெயில் ஒனக்கு ஆகாது, காலைலயோ சாயங்காலமோ பாத்துக்கோ.

"ஓட்டக்காரி கெயில் டெவர்ஸ் இதே நோவோட தங்கம் வாங்குனாளே"ன்னு வாட்ஸ்அப்பைக் காட்டுத. வாங்குனா, இல்லேன்னா சொன்னேன்? அவளுக்குத் தைராய்டைக் கூட்டுத கிரேவ்ஸ் நோய்னு கண்டுபிடிச்சது 1990ல. பார்சிலோனாவுல 100 மீட்டர் தங்கம் 1992ல. நடுவுல வைத்தியம், காலையே எடுக்கணுமோங்குற பயம், எல்லாம் இருந்துச்சு. ஒனக்குத் தங்கம் மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு!

இப்போ சட்டை இறுக்குதுன்னு மாத்திரையை நிறுத்தப் பாக்கியாமே? போன சதை திரும்பி வருதுல, அதை ஏன் வெரட்டுத? முடி கொட்டுதுன்னு பயோட்டின் முழுங்குதியே, அதையும் டாக்டர்கிட்ட சொல்லு, ரத்தப் பரிசோதனைக் கணக்கைத் தப்பாக் காட்டிரும். ஒன் தைராய்டு மாத்திரை இருக்கே, கார்பிமசோல், அதைத் திங்கும்போது காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தா சுக்குத்தண்ணி வச்சுக்கிட்டு ஒக்காராத. அந்த மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே போயி வெள்ளையணு எத்தனைன்னு பாக்கணும். இதுல வெளையாட்டு கெடையாது.

நடக்கும்போது நெஞ்சு வலிச்சாலோ, நாடி தாறுமாறா அடிச்சாலோ, கண்ணு இருட்டுனாலோ அங்கனயே நின்னுரு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. மத்தபடி நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு வா, என் கூட நடக்கலாம். இந்தக் கெழவன் வேகம் ஒனக்கு இப்போதைக்குப் போதும். என்னை முந்தணும்னா மொதல்ல ரிப்போர்ட்டைக் காட்டு.