கீழ்விரி மெனுவின் மறைப்பிலக்கணம்

கணினி நிரலின் சாளரத்தில் ஒரு தலைப்பைச் சொடுக்கியதும் கட்டளைகளை அதன் கீழ் வரிசையாக விரித்துக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தவுடன் சுவடின்றிச் சுருங்கிவிடும் பட்டியல் கீழ்விரி மெனு எனப்படும். கட்டளைகளைக் காட்டுதலே அதன் தொழில் என்பர் ஒரு சாரார். சில நொடிகள் மட்டும் விரிந்து, எஞ்சிய பொழுதெல்லாம் மூடிக்கிடக்கும் ஒன்றன் தொழில் மறைத்தலே என்பது இக்கட்டுரையின் துணிபு.

வரலாறும் இதற்குச் சான்று. 1983இல் ஆப்பிள் லிசாவும் 1984இல் மக்கின்டோஷும் மெனுப்பட்டையைத் திரையின் மேல்விளிம்பில் அமைத்தன. 512க்கு 342 புள்ளிகளே கொண்ட மக்கின்டோஷ் திரையில் கட்டளைகள் அனைத்தும் எந்நேரமும் நின்றிருப்பின், பயனர் எழுதுவதற்கு இடம் எஞ்சியிராது.

ஜாவாவின் ஸ்விங் நூலகத்தைக் கொண்டு மெனு கட்டுவோர், ஜேமெனுபார் என்னும் பட்டையில் ஜேமெனுவையும், அதனுள் ஜேமெனுஐட்டம் என்னும் உருப்படிகளையும் அடுக்குவர். குலமுறையை ஆராயின், ஜேமெனு என்பது ஜேமெனுஐட்டத்தின் வழிவந்த வகுப்பாதலின், பெற்றவரைப் பிள்ளை வயிற்றில் சுமக்கும் விந்தை புலனாகும். இது பிழையன்று, மெனுவும் ஓர் உருப்படியே ஆனால்தான், அதனை வேறொரு மெனுவினுள் துணைமெனுவாக ஒளித்துவைக்க இயலும்.

மறைத்தல் முழுமறைப்பு, அரைமறைப்பு, குறிப்புமறைப்பு என மூவகைப்படும். அரிதாகப் பயன்படும் கட்டளைகளைக் கண்ணிலேயே படாமல் செய்வது முழுமறைப்பு. ஆபீஸ் 2000 இதனைக் கையாண்டு, இருந்த கட்டளையையும் பயனர் தேடி அலையுமாறு செய்தது. கிளிப்போர்டு வெறுமையாக இருக்கையில் பேஸ்ட் என்னும் கட்டளை சாம்பல் நிறத்தில் செயலற்று நிற்பது அரைமறைப்பு. ஆள் இடம்பெயராது, வேலை மட்டும் செய்யாது என்பதால், கை பழகிய இடம் மாறுவதில்லை. சேவ் ஆஸ் என்பதன் பின் நிற்கும் முப்புள்ளி குறிப்புமறைப்பு. செயல் முடிய இன்னும் சில விவரங்கள் கேட்கப்படும் என்பதே அதன் பொருள். அபவுட் என்பதும் சாளரம் ஒன்றைத் திறக்குமாயினும் பயனரிடம் எதையும் கேட்பதில்லை. ஆதலின் முப்புள்ளிக்கு அது உரித்தன்று.

மறைத்ததை வெளிப்படுத்துவதிலும் விரைவு ஆகாது. துணைமெனுவை நோக்கிச் சாய்வாக நகரும் அம்புக்குறி வழியிலுள்ள அண்டை உருப்படிகளைத் தீண்டிச் செல்லுமாதலின், தீண்டியவையெல்லாம் உடனே விரிந்து தொல்லை தராதபடி, விண்டோஸ் இயல்பாக 400 மில்லிநொடி காத்திருக்கிறது.

கட்டளைக்கு வலப்புறம் எழுதப்படும் கன்ட்ரோல்+எஸ் முதலான குறுக்குவிசைகளே இவ்விலக்கணத்தின் முடிபு. அவற்றைக் கற்றுத் தேர்ந்த பயனர் பின்னர் மெனுவைத் திறப்பதில்லை. பிறவற்றை மறைக்கவென்று பிறந்த மெனு, தன்னையும் மறைத்துக்கொள்ளும் வழியைத் தானே கற்பித்துவிடுகிறது.