பொறுமையில் பூமாதேவி

பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலைப் போல் நிதானம் தவறாத சபை இன்னொன்று உண்டா? 1858இல் சட்டம் போட்டு உண்டாக்கிய சபை அது. பதிவேட்டிலிருந்து ஒரு மருத்துவரின் பெயரை அடிப்பதென்றால் அதற்குக் கை வராது. அத்தனை இளகிய மனம்.

டாட்மோர்டனில் குடும்ப மருத்துவராக இருந்த ஹெரால்டு ஷிப்மன், பெத்திடின் ஊசிக்கு அடிமையாகி, பொய்யாக மருந்துச்சீட்டு எழுதிச் சிக்கினார். 1976இல் நீதிமன்றம் 600 பவுண்டு அபராதம் விதித்தது. கவுன்சிலோ ஒழுங்கு விசாரணை என்று அவரை அலைக்கழிக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்பியதோடு சரி. பெரிய மனது! மறு ஆண்டே அவர் ஹைட் நகரில் மறுபடி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஹைட்டில் பொறுமை கெட்டவர்களும் இருந்தார்கள். இறுதிச்சடங்கு நடத்தும் குடும்பத்துப் பெண் ஒருவர், இந்த டாக்டரின் கிழவிகள் மட்டும் ஏன் உடுத்திய உடை கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக்கிடக்கிறார்கள் என்று யோசித்தார். பக்கத்து கிளினிக்கின் டாக்டர் லிண்டா ரெய்னால்ட்ஸ், 1998 மார்ச்சில் மரண விசாரணை அதிகாரியிடமே போய்ச் சொல்லிவிட்டார். போலீஸ் விசாரித்தது. ஷிப்மன் பழைய குற்றவாளியா என்று பார்க்கவில்லை, கவுன்சிலிடமும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் வலியப் போய்ச் சொல்லும் வழக்கம் கவுன்சிலுக்கும் இல்லை. கோப்புக்குள் அந்தக் கடிதம் பத்திரமாக இருந்தது. விசாரணை கைவிடப்பட்ட பிறகு மேலும் மூன்று பெண்கள் அவர் கையால் செத்தார்கள். கடைசியாகச் செத்த 81 வயது மூதாட்டியின் பெயரில் ஒரு போலி உயில் வந்ததும், வழக்கறிஞரான மகளுக்குப் பொறி தட்டியது. உயில் ஷிப்மனின் தட்டச்சுப்பொறியில் அடித்தது.

1998 செப்டம்பரில் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார். அப்போதும் கவுன்சில் நிலைகுலையவில்லை. சிறையில் இருந்த பதினேழு மாதமும் அவர் பதிவுபெற்ற மருத்துவர்தான். 2000 ஜனவரி 31இல் பதினைந்து கொலைகளுக்குத் தீர்ப்பு வந்தது. பிப்ரவரி 11இல் பெயர் நீங்கியது. சட்டம் அதன் கையைக் கட்டியிருந்ததாம். இடைக்காலத் தடை விதிக்கும் அதிகாரம் அந்த ஆண்டில்தான் விரிவானது. நூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாக அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லி அடம்பிடிக்காத அடக்கத்தையும் மெச்சத்தான் வேண்டும்.

பிறகு பொது விசாரணை நடத்திய நீதிபதி ஜேனட் ஸ்மித் 2002இல் எண்ணிச் சொன்ன கொலைகள் 215. கவுன்சில் நோயாளிகளைவிட மருத்துவர்களையே அதிகம் பார்த்துக்கொண்டது என்று 2004 டிசம்பரில் அவர் எழுதினார். குறையாகத்தான் எழுதினார், தன் பிள்ளைகளை விட்டுக்கொடுக்காத தாய்க்கு இதைவிட நற்சான்று ஏது?

அதே 2004இல் புது விதி ஒன்றும் வந்தது: பொதுநலன் இருந்தாலொழிய, ஐந்தாண்டு கடந்த சம்பவம் பற்றிய புகாரைக் கவுன்சில் எடுக்காது. மருத்துவர்களின் தகுதியை அவ்வப்போது சரிபார்க்கும் திட்டம் 2005 ஏப்ரலில் தொடங்குவதாக இருந்தது. அது போதாது என்று ஸ்மித் சொன்னதும் ஒத்திப்போட்டார்கள். நடைமுறைக்கு வந்தது 2012 டிசம்பரில். தாயைப் பறிகொடுத்து ஆறாம் வருஷம் வாய் திறக்கும் மகளுக்கு நேரம் கடந்துவிட்டது; திருந்துவதற்குக் கவுன்சிலுக்கு எட்டு வருஷம் இருந்தது.