வயிறில்லா விருந்தாளி: வரக்காப்பொல பகுதியில் புதுத்தொட்டித் தங்கமீன்களின் அகால மரணம் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பகுதியில் டிஷ் என்றொரு தங்கமீன் இருந்தது. 1956இல் ஒரு களியாட்ட விழாவில் பரிசாகக் கிடைத்த அது, 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இயற்கை எய்தியது. அதே இனத்து மீன் வரக்காப்பொல பகுதியில் ஒரு வீட்டுக்கு வந்தால், அதைக் கொண்டுவந்த பொலித்தீன் பை கொடியில் காய்வதற்குள் வாழைமரத்தடிக்குப் போய்விடுகிறது. இவ்விரண்டு ஆயுள்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

இதற்கு இதுகாறும் சொல்லப்பட்டுவந்த காரணங்கள் நான்கு: கடைக்காரருக்குக் கைராசி இல்லாமை, கண்ணூறு, ராகுகாலத்தில் தொட்டி நிரப்பியமை, அடுத்த வீட்டுப் பிள்ளை கண்ணாடியில் தட்டியமை. கடைசியானதில் ஓரளவு உண்மை உண்டு. ஏனைய மூன்றையும் இவ்வாய்வு உரிய மரியாதையுடன் ஒதுக்கிவைக்கிறது. எமது முடிபு வேறு. மீன்கள் சாவது உபசாரத்தினால்.

2. ஆய்வுக் களம்

வரக்காப்பொல, கொழும்பு – கண்டி ஏ1 வீதியின் ஏறத்தாழ நடுவழியில் இருக்கிறது. எள்ளையும் வெல்லத்தையும் இடித்து உருட்டிக் காகிதத்தில் சுற்றிய தலகுலிக்குப் பேர்போன ஊர். வழிப்போக்கரின் வாயில் எதையாவது போட்டு அனுப்புவது இங்கே வியாபாரம். சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் அதுவே ஒழுக்கம். லயத்துக் காம்பராவுக்குள் கால்வைத்த எவரும் தேத்தண்ணி குடிக்காமல் வெளியேறியதற்குச் சான்று இல்லை. கடன் கேட்டு வந்தவருக்கும் உண்டு, கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவருக்கும் உண்டு.

இத்தகைய களத்துக்குத்தான் தங்கமீன் வந்து சேர்கிறது. அதற்கோ இரைப்பை கிடையாது. இதை அலங்காரமாகக் கொள்ளற்க. உடற்கூற்றியல் உண்மை இது. விழுங்கிய உணவு தொண்டையிலிருந்து நேரே குடலுக்குப் போகிறது. தேக்கிவைக்க இடமில்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருப்பது அதன் சுபாவம். “சாப்ட்டியா?” என்பதையே முகமனாகக் கொண்ட ஒரு சமுதாயமும், போதும் என்று சொல்ல வயிறே இல்லாத ஒரு பிராணியும் ஒரே கூரையின் கீழ் சந்தித்தால் என்ன விளையும் என்பதே ஆய்வு வினா.

3. பரபக்கம்

எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுத்தல் வேண்டும் என்பது நம் தருக்க மரபு. தொட்டி வைத்த மூன்றாம் நாள் இஸ்தோப்பில் பதிவான உரையாடல் வருமாறு. மீன் நீரின் மேற்பரப்பில் தொங்கியபடி வாயை வட்டமாகத் திறந்து திறந்து மூடுகிறது.

“பசிக்குது பாரு அதுக்கு. வாயத் தொறந்து தொறந்து கேக்குது.”

“காலையிலயே போட்டாச்சு அம்மாயி.”

“காலையில நீயுந்தான் ரொட்டி தின்ன. இப்ப பசிக்கலயா ஒனக்கு?”

இவ்வனுமானத்தின் அழகை எந்தத் தருக்க நூலாரும் மறுக்க இயலாது. பேரன் மறுக்கவில்லை. ரொட்டியில் ஒரு விள்ளல் உள்ளே போனது. பாடசாலை விட்டு வந்த தங்கச்சி பாண் பிசிரைத் தூவினாள். பால்வெட்டு முடிந்து வந்த சித்தி, மீன்கடையில் கொடுத்த குருணையில் ஒரு சிட்டிகை போட்டார். அந்தியில் வந்த மாமா, “மீனுக்கு யாருமே ஒண்ணும் போடலியா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு சிட்டிகை போட்டார். விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்கிறார்கள். எவர்மீதும் குற்றமில்லை. குற்றமனைத்தும் கூட்டல் கணக்கின்மீது.

“அதுக்கு மூணு செக்கன் ஞாபகம்தான், தின்னத மறந்துரும்” என்ற துணைக்கொள்கையும் உலவுகிறது. இது பொய். தங்கமீனுக்கு அடையாளங்களைப் பழக்கிவிட முடியும். பழகியதை அது மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். மாமாவைக் கண்டதும் அது கண்ணாடியருகே ஓடிவருவது பசியினால் அன்று, ஆளை அறிந்துவிட்டதனால்.

4. சுபக்கம்

மேற்பரப்பில் வாய் திறப்பது பெரும்பாலும் மூச்சுத் திணறல். தங்கமீன் குளிர்நீர்ப் பிராணி. 20 பாகை வெப்பநிலையில் ஒரு லீட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். நம்மூர்ச் சூட்டில், 28 பாகையில், 8 மில்லிகிராம்கூடக் கரையாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது, காற்றுப் பம்பும் நின்ற தொட்டிகளில் மீன்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகித்தறிக.

ஆனால் முதன்மைக் குற்றவாளி அமோனியா. மீன் தின்ற புரதத்தின் கழிவு, பெரும்பாலும் அதன் செவுள் வழியாக அமோனியாவாகத் தண்ணீரில் இறங்குகிறது. தின்னாமல் அடியில் கிடந்து ஊறும் பாணும் அழுகி அதையே தருகிறது. அமோனியா செவுளைப் புண்ணாக்கும். அது மாறி உண்டாகும் நைத்திரைற்று, இரத்தம் ஒட்சிசனை ஏந்தவிடாமல் தடுத்து அதைக் கபில நிறமாக்கும். செவுள் புண்ணான மீன் இன்னும் அதிகமாக வாய் திறக்கும். அதைக் கண்டு வீட்டார் இன்னும் அதிகமாகப் போடுவர். இவ்வட்டத்தின் முடிவிடம் மேற்கூறிய வாழைமரத்தடி.

இதிலிருந்து மீளும் வழி ஒரு குடும்பத்துக்குள்ளேயே கண்டறியப்பட்டது. லண்டன் இரசாயனவியலாளர் ரொபர்ட் வோரிங்டன், இரண்டு சிறிய தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். அழுகிய இலைகள் தண்ணீரைக் கலக்க, அவற்றைத் தின்ன நத்தைகளையும் விட்டு, 1850இல் அதை அறிக்கையாக வெளியிட்டார். அதே பெயர் கொண்ட அவருடைய மகன் பின்னர் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், மண்ணில் அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் இரு படிகளில் மாறுவதை ஆராய்ந்தார். அவ்வேலையைச் செய்யும் பற்றீரியாக்களை 1890இல் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். தகப்பன் மீன் வளர்த்தார், மகன் மீனைக் காப்பதன் இரகசியத்தைப் படித்தார். நம் வீடுகளில் தகப்பன் தொட்டி வாங்குகிறார், மகன் அதில் பாணைப் போடுகிறான்.

புதுத்தொட்டியில் இப்பற்றீரியாக்கள் போதிய அளவில் இல்லை. பெரட்டுக்கு ஆளே வராத தோட்டத்தில் முழு மலையையும் முதல் நாளே வெட்டி முடிக்கச் சொன்னதற்கு ஒப்பானது அத்தொட்டியின் நிலை. ஆட்கள் தாமாக வந்து, வடிகட்டிப் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

5. இரு துணைப் பிரச்சினைகள்

தூய்மை: வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது தொட்டியையும் கவிழ்த்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பஞ்சையும் குழாயடியில் பிழிந்து எடுக்கும் மரபு ஒன்று உண்டு. தொட்டி மின்னும். வேலைக்கு வந்த பற்றீரியாக்கள் குளோரீனில் மாண்டுபோக, ஆறு வாரக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். சவர்க்காரம் செவுளுக்கும் ஆகாது.

சுண்ணாம்பு: மழை வளம் மிக்க இப்பக்கத்துக் கிணற்றுநீரும் பீலித் தண்ணீரும் பெரும்பாலும் மென்னீர், அமிலத்தன்மைக்குச் சாய்ந்தவை. நீரின் பிஎச் 6க்குக் கீழே இறங்கினால் பற்றீரியாக்கள் வேலையில் மந்தமாகும். இதைக் கேள்விப்பட்டவுடன் அம்மாயியின் வெற்றிலைப் பெட்டி திறக்கப்படுவது இயல்பு. திறக்கற்க. அமில நீரில் அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியமாகவே அடங்கிக் கிடக்கும். விரல்நுனிச் சுண்ணாம்பு பிஎச்சைச் சட்டென உயர்த்த, அடங்கியிருந்தது நஞ்சாக எழும். அதற்குப் பதிலாகச் சிப்பி ஓட்டை உடைத்து, துணியில் முடிந்து வடிகட்டியருகே போட்டால் மெல்லக் கரைந்து நீரை நிலைப்படுத்தும். வெற்றிலைக்கு உரியது வெற்றிலைக்கே ஆகுக.

6. “பாவம், ஓடையில விட்டுரு” என்னும் கருணைக் கொள்கை

இதுவே யாவற்றிலும் ஆபத்தானது. வரக்காப்பொலவுக்குப் பக்கத்தில், கலபிட்டமடவை அண்டிய ஒரு சிற்றோடையில், பந்துல பெத்தியா எனப்படும் விரலளவுச் செம்மீன் வாழ்கிறது. 1991இல் கோட்டெலாவும் பெத்தியாகொடவும் அதற்கு விஞ்ஞானப் பெயரிட்டு விவரித்தபோது, உலகம் முழுவதிலும் அது இருந்ததாக அறியப்பட்ட இடம் அந்த ஓடை ஒன்றே. அழிவின் விளிம்பில் நிற்கும் அவ்வினத்தின் நடுவில், கடையில் வாங்கிய நோய்களோடும், கண்டதைத் தின்னும் வாயோடும் தங்கமீனை இறக்கிவிடுவது கருணையாகாது. வாங்கியதை வைத்துக் காப்பாற்றுக. இயலாதேல் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்க.

7. பரிந்துரைகள்

(அ) வட்டக் கிண்ணம் மேசைக்கு அழகு, மீனுக்குச் சிறை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் 57 லீட்டர்தான் கொள்ளும். அதில் ஒரு குட்டி மீனோடு நிற்க; வளர்ந்தால் பெரிய தொட்டி தேவை.

(ஆ) குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்து, காற்றுப் பம்பும் ஓடவிட்ட பின்னரே ஊற்றுக. கொண்டுவந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்துவந்ததும் மீனை மட்டும் விடுக.

(இ) முதல் வாரங்களில் நாளுக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். ஒருநாள் விட்டாலும் பாவமில்லை.

(ஈ) மூன்று நாளுக்கொரு தடவை காற்பங்கு நீரை மாற்றுக. பஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுக. சவர்க்காரம் ஐயந்திரிபற விலக்கப்படுகிறது.

(உ) வாய் திறந்து மிதக்கும் மீனுக்கு மருந்து தண்ணீர் மாற்றமும் காற்றும். நைத்திரைற்று ஏறிய ஐயமிருந்தால், அயடின் சேராத உப்பு லீட்டருக்கு 1 கிராம் கரைத்து ஊற்றுதல் துணை செய்யும்.

(ஊ) உணவுக் குப்பியை ஒருவர் பொறுப்பில் பூட்டிவைக்க. அவர் மாமாவாக இருத்தலாகாது.

(எ) உபசரிக்கும் உந்துதல் இத்தனைக்குப் பின்னும் அடங்காதவர்கள், தொட்டியருகே ஒரு நாற்காலியைப் போட்டு ஆய்வாளருக்குச் சொல்லியனுப்புக. அவருக்கு இரைப்பை உண்டு. கேட்டால் போதும் என்று சொல்லவும் தெரியும், சொல்வதில்லை என்பது வேறு விடயம்.