நுங்குக்கு எத்தனை கண்ணு?

ஏலே பேராண்டி, அந்த நோட்டை இங்க கொண்டா. அடைப்புக்குள்ள 2³. அடைப்புக்குத் தலைமேல வெறுங்கட்டம். சமம் 2¹². கட்டத்துல நீ போட்டிருக்கது 9. பன்னெண்டுல மூணு போனா ஒம்பது! கழிக்கதுல உன்னை எவனும் அசைக்க முடியாது. கணக்குதான் தப்பு.

நோட்டை மூடிட்டு இந்த நுங்கைப் பாரு. ஒரு காய்க்கு மூணு கண்ணு. ரெண்டு கண்ணுக் காயும் உண்டு; அதை உங்க ஆச்சி தலையில கட்டாம வியாபாரி வண்டியைத் தள்ளமாட்டான், அது கெடக்கட்டும். 2³ங்கது ஒரு காய். அதுக்குள்ள மூணு ரெண்டு ஒளிஞ்சிருக்கு. அந்தக் காயை எத்தனை தடவை போட்டுப் பெருக்கினன்னுதான் கட்டம் கேக்கு. அந்தப் பக்கம் மொத்தம் பன்னெண்டு கண்ணு. இப்பச் சொல்லு, காய் எத்தனை? ஒம்பதுன்னா இருபத்தேழு கண்ணு வரணும்லா? மிச்சம் பதினஞ்சை எவன் தின்னான்?

நாலு! வாயைத் தொறந்து சொன்னா முத்து உதிராதுல. அடுக்குக்கு மேல அடுக்கு ஏறினா ரெண்டையும் பெருக்கணும். ஒண்ணு காணாமப் போனா வகுத்துத் தேடணும். நம்பிக்கை இல்லைன்னா எட்டை நாலு தடவை பெருக்கு: 64, 512, 4096. ரெண்டைப் பன்னெண்டு தடவை பெருக்கினாலும் அங்கதான் வந்து நிக்கும். உன் ஒம்பதைப் போட்டா பதிமூணு கோடிக்கு மேல போகுது. அம்புட்டு இருந்தா நாம ஏன் இந்தத் திண்ணையில உக்காந்திருக்கோம்?

ஒம்பது வார இடமும் உண்டு. அடைப்பு இல்லாம, 2³ஐ இன்னொரு ரெண்டோட பெருக்கி, அந்த ரெண்டு தலையில கட்டம் இருந்தா, மூணு கண்ணு ஏற்கெனவே பட்டையில கெடக்குன்னு அர்த்தம். இன்னும் எத்தனைன்னுதான் கேள்வி. உங்க டீச்சர் ரெண்டையும் அடுத்தடுத்து வச்சிருக்காங்க பாரு, உன்னைப் பிடிக்கதுக்குத்தான்.

அடுத்தது சீவாத காய்: 8 தலையில கட்டம், சமம் 4⁶. அடிமானம் வேற வேறயா இருக்கேன்னு முழிக்காத, சீவு. எட்டுன்னா 2³. நாலுன்னா 2², அது ஆறு தடவைன்னா 2¹². பழைய கணக்குதான், சட்டையை மாத்திட்டு வந்திருக்கு.

தலைமேல குட்டி எண்ணை உக்காத்தி வைக்க வழக்கத்தை 1637ல டெக்கார்ட்டுங்க பிரெஞ்சுக்காரர் தன் வடிவியல் புத்தகத்துல எழுதிப் பரப்புனாரு. அவரே இரண்டாம் அடுக்குக்கு மட்டும் அனேகமா எழுத்தையே ரெண்டு தடவை எழுதிட்டுப் போயிருவாரு. பெரிய மனுசன், எவனும் மார்க்கைக் குறைக்கல. நீ செஞ்சு பாரு, தெரியும்.

சரி, நாலுன்னு எழுதிட்டியா? இந்தா, பட்டையைப் பிடி. என்ன எண்ணுத? நாலு காய் வாங்கி ஒம்பது கண்ணுதான் இருக்கா? சொல்லிக் குடுத்த கூலிக்கு ஒரு காயை நான் அப்பவே நோண்டித் தின்னாச்சுல. பாத்தியா, உன் ஒம்பது இப்பதான் சரியா வந்திருக்கு.