முக்காலத் தலைவி

பிறர் வீட்டு அலமாரியைத் திறந்த மாத்திரத்தில், அதிலுள்ளவற்றுள் எது இருக்கத் தகுந்தது, எது தானத்துக்கு உரியது, எது குப்பைக்குப் போக வேண்டியது என்று மூன்று குவியலாகப் பிரித்துவிடும் திருஷ்டி வாய்ந்தவர் அந்த அம்மையார். பல காலமாகத் தொடப்படாத ரொட்டி சுடும் யந்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, "இதைக் கடைசியாக எப்போது உபயோகித்தீர்கள்?" என்று அவர் கேட்கும் குரலில் கோபமும் இல்லை, பரிகாசமும் இல்லை, ஆயினும் கேட்கப்பட்டவர், திருமணப் பரிசாக வந்தது, சிற்றன்னை நினைவாக வைத்திருப்பது என்று இரண்டொரு வாக்கியம் தடுமாறிச் சொல்லிவிட்டு, கடைசியில் தாமே அதைத் தானக் குவியலில் கொண்டுபோய் வைத்துவிடுவார். பகலெல்லாம் இவ்வாறு கூலிக்குப் பிறர் சுமையைக் குறைத்துவிட்டு, மாதத்தில் ஒரு நாள் மாலையில், சங்கத்தின் பெயர் எழுதிய துணிப் பதாகை, பெயரட்டைப் பெட்டி, காபிக் குடுவைகள், கையொப்பப் பதிவேடு, சென்ற ஆண்டு மிஞ்சிய துண்டுப் பிரசுரக் கட்டுகள் இவ்வளவையும் தமது காரில் ஏற்றிக்கொண்டு நகர நூலகத்தின் கூட்ட அறை வாசலில் வந்து இறங்குகிறாரே, அப்பொழுதுதான் அவருடைய விசுவரூபம் நமக்குப் புலப்படுகிறது. தொழிலால் அவர் ஒரு புரொபஷனல் ஆர்கனைசர். அத்தொழில் செய்வோரின் சங்கத்துக்கு, அவர் வாழும் அமெரிக்க நகரத்துக் கிளையின் தலைவி.

வீட்டை ஒழுங்கு செய்து கொடுப்பதும் ஒரு தொழிலா, அதற்கு ஒரு சங்கமும் உண்டா என்று நம்மவர் வியக்கக்கூடும். சாமான் பெருகிவிட்ட தேசத்தில் இரண்டும் இல்லாமல் தீராது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் காலியர் சகோதரர் இருவர், தாம் சேர்த்துவைத்த பண்டங்களுக்கு நடுவிலேயே 1947-இல் மாண்டுபோனார்கள். பழைய செய்தித்தாள் மூட்டைகள், பியானோக்கள், ஒரு மோட்டார் காரின் பாகங்கள் என்று அவ்வீட்டிலிருந்து அப்புறப்படுத்தியவற்றின் எடை நூறு டன்னுக்கும் அதிகம். அவர்கள் காலத்தில், உள்ளே நுழைந்து "கடைசியாக எப்போது உபயோகித்தீர்கள்?" என்று பரிவோடு கேட்க ஆள் இல்லை. பிறகு அத்தகைய ஆட்கள் தோன்றினார்கள். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் அத்தொழிலில் இருந்த ஐந்து பெண்மணிகள் ஒன்றுகூடிப் பேசியதிலிருந்து சங்கமும் தோன்றிற்று. இரண்டு அமெரிக்கர் ஒரே காரியத்தைச் செய்வதாகக் கண்டுகொண்டால், மூன்றாமவரைத் தேடிப் பிடித்து அவரைப் பொருளாளராக்கிவிடுவார்கள். 1831-இல் அந்நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த பிரெஞ்சுப் பிரபு தோக்வில், எடுத்ததற்கெல்லாம் சங்கம் கூட்டும் இந்தச் சுபாவத்தைக் கண்டு வியந்து தமது நூலில் எழுதியே வைத்திருக்கிறார்.

சங்கத்தில் முதன்முதலாகக் காலடி வைத்தபோது, தலைமைப் பதவி நம் அம்மையாருடைய கனவிலும் இருந்ததில்லை. தனியாளாகத் தொழில் செய்கிறவர்களுக்கு உள்ள பெருந்துன்பம், பக்கத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளரைப் பற்றிப் புலம்புவதற்குச் சகா ஒருவர் இல்லாமையே. அதிலும், வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பது இத்தொழிலின் தர்மமாகையால், வீட்டில் கணவரிடம்கூடப் பேரைச் சொல்லிப் புலம்ப வழியில்லை. பேரைச் சொல்லாமலாவது நாலு பேரோடு புலம்பலாம் என்று வந்தவர், கூட்டம் கலைந்து எல்லோரும் கார்ச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்த சமயத்தில், தொழிற்பழக்கத்தால் தம்மையறியாமலே நாற்காலிகளை மடித்துச் சுவரோரமாக அடுக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். எந்தச் சங்கத்திலும், மேடையில் முழங்குகிறவரைக் காட்டிலும் கடைசியில் நாற்காலி மடிக்கிறவர் மீதுதான் காரியக் கமிட்டியாரின் கண் விழும். அடுத்த மாதம் அவர் உபசரிப்புக் கமிட்டியில் இருந்தார். அடுத்த வருஷம் காரியதரிசி. "முடியாது என்று சொல்லப் பழகுங்கள்" என்று வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் உபதேசம் செய்கிற அதே வாய், காரியக் கமிட்டியார் வந்து நின்றபோது, முடியாது என்று சொல்லத் திறந்து, "எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

அக்கிராசனத்தில் அமர்ந்த அன்று அவர் வசம் ஒப்படைக்கப்பட்டவை ஒரு சிறு மரச் சுத்தியலும், ராபர்ட்டின் விதிகள் என்னும் தடித்த நூலும். ஹென்றி ராபர்ட் என்பவர் ராணுவ எஞ்சினீயர். 1863-இல் மாசாசூசெட்ஸ் ராஜ்யத்து நியூ பெட்ஃபர்டு நகரில் ஒரு திருச்சபைக் கூட்டத்துக்கு எதிர்பாராமல் தலைமை வகிக்க நேர்ந்து, எப்படி நடத்துவதென்று தெரியாமல் திண்டாடியவர். அந்தத் திண்டாட்டம் மனத்தை அரித்துக்கொண்டே இருந்ததன் பலனாக, சபை நடத்தும் முறையை ஆராய்ந்து 1876-இல் அவர் இந்நூலை வெளியிட்டார். (நூல்களைத் தசம எண்ணால் பகுக்கும் முறையை மெல்வில் டூயி வெளியிட்டதும், பிலடெல்பியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்ததும் அதே 1876-இல்தான். அவ்வருஷம் அந்நாட்டுக்கு என்ன கிரக சஞ்சாரமோ!) பிற்காலத்தில், புயலால் சீரழிந்த கால்வெஸ்டன் நகருக்குக் கடற்சுவர் திட்டமிட்ட மூன்று எஞ்சினீயர்களில் ராபர்ட்டும் ஒருவர், பொங்கி வருவதைத் தடுத்து நிறுத்தும் வித்தையை அவர் சபைகளில்தான் பயின்றிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதற்பதிப்பு 176 பக்கம். 2020-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்போ 700 பக்கங்களைத் தாண்டிவிட்டது. வேறு எவர் வீட்டிலாவது ஒரு பொருள் இப்படி நாலு மடங்கு பெருகியிருக்கக் கண்டால் அம்மையார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார். இந்த நூலுக்கோ பக்கத்துக்குப் பக்கம் வண்ணக் காகித அடையாளம் ஒட்டி, அவரே அதை இன்னும் பருமனாக்கி வைத்திருக்கிறார்.

அந்நூலின்படி கூட்டம் நடப்பதைக் காண்பது ஓர் அநுபவம். பெயரட்டையைச் சட்டையில் ஊசியால் குத்துவதா, கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடுவதா என்று ஒரு பிரேரணை வருகிறது. ஊசி பட்டுத் துணியைக் கிழிக்கிறது என்கிறார் ஒருவர். கயிற்றில் தொங்கவிட்டால் எதிரிலிருப்பவரின் பெயரை அறிய அவர் வயிற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்கிறார் மற்றொருவர். கயிறு நீல நிறமாக இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம். நீலம் என்பதைக் கருநீலம் என்று மாற்ற வேண்டும் என்று திருத்தத்துக்கு ஒரு திருத்தம். கருநீலத்துக்கும் ஒரு திருத்தம் கொண்டுவர எழுந்தவரை அம்மையார் சுத்தியலைத் தட்டி உட்காரவைக்கிறார். திருத்தத்தின் திருத்தம்வரைதான் ராபர்ட் இடம் கொடுத்திருக்கிறார், மூன்றாம் தலைமுறைக்கு வாரிசுரிமை கிடையாது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு விஷயம் ஒரு கமிட்டிக்கு அனுப்பப்படுகிறது. நடவடிக்கைக் குறிப்பில் செய்ததைத்தான் எழுத வேண்டும், பேசியதை எழுதலாகாது என்பதும் ராபர்ட்டின் கட்டளையாதலால், இவ்வளவு வாக்குவாதமும் அப்புத்தகத்தில் ஒற்றை வரியாக ஒடுங்கிவிடுகிறது. இந்தச் சங்கத்தில் எனக்குத் தெரிந்து உண்மையாகவே ஒழுங்குபடுத்தப்பட்ட அலமாரி அந்த நடவடிக்கைப் புத்தகம் ஒன்றுதான். அப்புறம், கூட்டத்தை முடிக்கலாம் என்று யாரோ பிரேரிக்கிறார். அந்தப் பிரேரணை மீது விவாதம் கூடாது என்று விதி. விதி இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் விவாதிக்க எவரும் துணிய மாட்டார்கள்.

ஆனால் இதிலெல்லாம் அம்மையாருடைய மேதை வெளிப்படுவதாக நான் கருதவில்லை. பண்டங்களைக் கழிப்பதில் ஈடிணையற்ற அவர், ஆட்களை ஒருபோதும் கழிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் இடம் என்னும் தொழில் சூத்திரத்தைச் சங்கத்தில் அவர் மனிதர்கள் விஷயத்தில் பிரயோகிக்கிறார். பேசத் தொடங்கினால் நிறுத்தாத உறுப்பினர் ஒருவர் இருந்தார். அவரை நேரக் கண்காணிப்பாளராக்கி, இரண்டு நிமிஷம் மிச்சம் என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து முன்வரிசையில் அமர்த்தினார் அம்மையார். அட்டை பிடிப்பவர் பேசலாகாது; அன்று முதல் கூட்டங்கள் குறித்த நேரத்தில் முடிகின்றன. எதைச் சொன்னாலும் ஆட்சேபிப்பவர் தணிக்கைக் கமிட்டிக்குப் போனார். ஆட்சேபிப்பதையே வேலையாகக் கொண்ட கமிட்டி அது. வாயைத் திறக்கவே கூசும் புதுமுகத்துக்கு வாசலில் நின்று வரவேற்கும் பணி. ஒரே வாக்கியத்தை நாற்பது பேரிடம் சொல்லிச் சொல்லி, நாற்பத்தோராவது ஆளிடம் அந்தப் பெண் தானாகவே இரண்டாவது வாக்கியம் ஒன்றும் பேசிவிட்டாள். கூட்டத்துக்கே வராத ஒருவரிடம் உறுப்பினர்களின் பிறந்தநாளுக்கு வாழ்த்தட்டை எழுதும் வேலை விடப்பட்டது. வராவிட்டாலும் அவர் கையெழுத்து எல்லார் வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஊதியம் கொடுக்காமல் ஆட்களிடம் வேலை வாங்குவதைவிடக் கடினமான ராஜதந்திரம் உலகில் இல்லை. சம்பளத்தை வெட்டுவேன் என்று மிரட்ட முடியாத எஜமானுக்கு, பாராட்டைத் தவிர வேறு ஆயுதம் ஏது? அம்மையார் அதைப் பஞ்சமில்லாமல் பிரயோகிப்பார். ஆண்டு விழாவில் அவர் நன்றி கூறும் பட்டியல், இரவு உணவு ஆறிப்போகும் அளவுக்கு நீண்டது.

சங்கத்தின் பொருளாதாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பண்டங்களைக் குறைக்கச் சொல்லும் இச்சங்கத்தின் விருந்துச் செலவை ஏற்பவர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டியும் அலமாரித் தட்டும் சீட்டு அச்சிடும் யந்திரமும் விற்பவர்கள். அவர்கள் அன்பளிப்பாகத் தந்த பெட்டிகளை வைப்பதற்கு இடம் தேடுவதென்பது காரியக் கமிட்டியின் நிரந்தர நிகழ்ச்சி நிரல். பொருளாளருக்கு உள்ள கவலை ஒன்றே: ஆண்டு வரவு 50,000 டாலருக்கு மேற்படாத சிறு சங்கம், வருமான வரி இலாகாவுக்கு வருஷத்துக்கு ஒரு சிறு அறிவிக்கை அனுப்பினால் போதும், ஆனால் தொடர்ந்து மூன்று வருஷம் அதை மறந்துவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். மறதியை ஒழிப்பதே தொழிலாகக் கொண்டவர்களின் சங்கத்துக்கு அப்படி ஒரு கதி நேர்ந்தால் வெளியே தலைகாட்ட முடியுமா? ஆகவே பொருளாளருக்கு நினைவூட்ட ஒருவரும், அவருக்கு நினைவூட்ட அம்மையாரும் இருக்கிறார்கள்.

ஜனவரி மாதத்தில் அவரைப் பார்ப்பது அரிது. புது வருஷச் சங்கற்பங்கள் சூடு ஆறாதிருக்கும் அம்மாதத்தை ஒழுங்கு மாதமென்று 2005 முதல் தேசிய சங்கம் கொண்டாடி வருவதால், நூலகத்தில் ஒரு சொற்பொழிவு, முதியோர் இல்லத்தில் ஒரு செயல் விளக்கம், உள்ளூர் வானொலியில் ஐந்து நிமிஷம் என்று அவர் சுழன்றுகொண்டிருப்பார். அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் பிப்ரவரி வரை நிற்பதை அவருடைய கணவர் எவரிடமும் சொல்வதில்லை. அந்தரங்கத்தைக் காக்கும் தர்மம் அவரையும் தொற்றிக்கொண்டது போலும். ஆண்டு மகாநாட்டிலோ வேறு காட்சி. அங்கே ஒவ்வொருவருடைய பெயரட்டைக்கும் கீழே, கிளைத் தலைவர், தொண்டர், சொற்பொழிவாளர், கமிட்டி உறுப்பினர் என்று அச்சிட்ட ரிப்பன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் சம்பிரதாயம் உண்டு. "உங்களுக்கு உண்மையில் எத்தனை வேண்டும்?" என்று ஊராரைக் கேட்டுப் பழகிய அம்மையாரின் ரிப்பன் மாலை இடுப்பைத் தாண்டிக் கைப்பையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒன்றையாவது தானக் குவியலில் போடலாமே என்று சொல்ல அருகிலிருந்தவர்களுக்குத் தைரியம் வரவில்லை. அவர்கள் கழுத்திலும் அதே கதைதான்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். இச்சங்கங்களில் தலைமை என்பது ஒரு வருஷத்தோடு முடிகிற விவகாரமன்று. பதவி ஏற்பதற்கு ஒரு வருஷம் முன்பே வருங்காலத் தலைவர் என்று ஓர் உத்தியோகம், பிறகு தலைவர், இறங்கிய பிறகும் உடனடி முன்னாள் தலைவர் என்ற பெயரில் காரியக் கமிட்டியில் ஓர் ஆசனம். இருத்துவது, தானம் செய்வது, கழிப்பது என்னும் மூன்று குவியலில் எதிலும் முன்னாள் தலைவர்களைச் சேர்க்க இயலாமையால் ஏற்பட்ட ஏற்பாடு இது என்று நான் ஊகிக்கிறேன். வரப்போகும்போது ஒருவர் கற்றுக்கொள்கிறார், இருக்கும்போது தவிக்கிறார், போன பிறகுதான் தெளிகிறார். தெளிந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சங்கத்துக்கு நஷ்டமல்லவா?

அம்மையாரின் வாரிசைத் தேடுவதற்கு வேட்பாளர் கமிட்டி மூன்று மாதம் தொலைபேசியோடு போராடிற்று. ஒருவருக்கு மகப்பேறு, ஒருவருக்குத் தாயாரின் உடல்நலம், வேறொருவர், சங்கத்தின் பயிற்சியிலேயே கற்ற வித்தையைக் கொண்டு, அழகாகவும் உறுதியாகவும் முடியாது என்று சொல்லிவிட்டார். (பயிற்சி நடத்தியவர் அம்மையார், அன்று அவருக்குப் பெருமையா வருத்தமா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.) முடிவில் வாசலில் நின்று வரவேற்ற அந்தக் கூச்சக்காரப் பெண் ஒப்புக்கொண்டாள். சுத்தியலும் ராபர்ட்டும் கைமாறின. அம்மையார் உடனடி முன்னாள் தலைவரானார். அந்த உத்தியோகத்தின் கடமை, கேட்கும்போது ஆலோசனை கூறுவது என்று உபவிதிகளில் எழுதியிருக்கிறது. முதல் கூட்டத்தில் அவர் பதினோரு ஆலோசனைகள் கூறினார். "அம்மா, நான் இன்னும் கேட்கவில்லையே" என்று புதிய தலைவி மெல்லிய குரலில் நினைவூட்டினாள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் சொல்லப்படவில்லை என்பதை, அதை வரைந்த கமிட்டியின் தலைவர் என்ற முறையில், அம்மையார் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டிவிட்டு, பன்னிரண்டாவதைத் தொடங்கினார்.