ஃப்ரீசரில் ஒரு மேக்புக்

2018 ஜூலையில் ஆப்பிள் புதிய மேக்புக் ப்ரோவை இறக்கியது. உள்ளே ஆறு கோர் கொண்ட ஐ9 சிப். விலையும் அந்தத் தோரணைக்கு ஏற்றபடிதான்.

ஆனால் கனமான வேலை கொடுத்தால் அந்தச் சிப் சூடேறி, அடிப்படை வேகமான 2.9 கிகாஹெர்ட்ஸிலிருந்தும் இறங்கிவிடும். யூடியூபர் டேவ் லீயின் வீடியோவைத் தயாரிக்க அதற்கு 39 நிமிடம் பிடித்தது. முந்தைய ஆண்டு மாடல் 35 நிமிடத்திலேயே முடித்த வேலை அது. மனுஷன் மடிக்கணினியைத் தூக்கி ஃப்ரீசருக்குள் வைத்தார். 27 நிமிடம்! ஐஸ்க்ரீமுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தால் பறக்கிறது. விளம்பரத்தில்தான் இதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

சில நாளில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு அப்டேட் அனுப்பியது. வேகம் இறங்கியதற்குக் காரணம், ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப் போயிருந்ததுதானாம்.

சூடேறும் மடிக்கணினிகளுக்கு விசிறித் தூசியை ஊதி, தெர்மல் பேஸ்ட் மாற்றித் தரும் தெருமுனைக் கடைக்காரருக்கு இப்படியொரு காரணம் கைவசம் இல்லை, பாவம்.